கருணைக்கொலை: சட்டம் அனுமதிப்பது எதை, விவாதம் மிஞ்சியிருப்பது எதில்

"கருணைக்கொலைக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி" என்ற தலைப்பில் செய்தி வரும்போதெல்லாம், படிப்பவர்களில் ஒரு சாரார் இனி மருத்துவரே ஊசி போட்டு நோயாளியின் உயிரை முடித்துவிடலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். இன்னொரு சாரார் வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னாலே கொலை வழக்கு பாயும் என்று அஞ்சுகிறார்கள். இரண்டுமே தவறு. ஆனால் இரண்டு எண்ணங்களும் மருத்துவமனை வராந்தாவில் நின்று முடிவெடுக்க வேண்டிய குடும்பங்களைத் தவறான பாதையில் தள்ளக்கூடியவை.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊராட்சிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. அவர்கள் வாக்களிப்பதும் வரி கட்டுவதும் கேரளத்தில். நோய் முற்றினால் ஆம்புலன்ஸ் விரைவது பெரும்பாலும் கோயம்புத்தூருக்கு. வீட்டுக்கு வந்து புண்ணைக் கழுவிக் கட்டுப் போடும் செவிலியர் கேரள ஊராட்சியைச் சேர்ந்தவர். ஐசியூவில் கையெழுத்துக் கேட்கும் மருத்துவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அடிப்படையிலிருந்து தொடங்கி, இந்த எல்லையோரத்தில் சட்டம் எப்படிச் செயல்படும் என்பது வரை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

பிரித்தறிய வேண்டிய நிலைகள்

அன்றாடப் பேச்சில் 'கருணைக்கொலை' என்ற ஒரே பெயரில் அழைக்கப்படுபவை சட்டத்தின் பார்வையில் வேறு வேறானவை.

1. நேரடிக் கருணைக்கொலை. நோயாளியின் துன்பத்தை முடிப்பதற்காக மருத்துவரோ பிறரோ உயிர்போக்கும் மருந்தைச் செலுத்துவது. நோயாளியே தெளிந்த மனத்துடன் கேட்டால் அது தன்விருப்பக் கருணைக்கொலை எனப்படும். இந்தியாவில் இரண்டுக்குமே அனுமதி இல்லை. பதினெட்டு வயது நிறைந்த ஒருவர் தம் சாவுக்குச் சம்மதித்திருந்தால், அது கொலைக் குற்றத்திலிருந்து ஒரு படி இறங்கி, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றமாகக் கருதப்படும். குற்றமாக இல்லாமல் போய்விடாது.

2. மருத்துவர் துணையுடன் உயிரை முடித்துக்கொள்வது. மருத்துவர் மருந்தை எழுதித் தருவார். அதை உட்கொள்வது நோயாளி. இந்தியச் சட்டத்தில் இது தற்கொலைக்குத் துணைபோன குற்றம்.

3. உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடங்காதிருப்பது அல்லது நிறுத்துவது. வென்டிலேட்டர், டயாலிசிஸ், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் மருந்துகள் போன்றவற்றால் பயன் இல்லை என்றான பிறகு அவற்றை விலக்கி, நோயைத் தன் போக்கில் விடுவது. 'செயலற்ற கருணைக்கொலை' என்று செய்திகள் குறிப்பிடுவது இதைத்தான். உச்ச நீதிமன்றம் அனுமதித்ததும் இதை மட்டுமே, அதுவும் வகுத்துரைத்த நடைமுறையின்படி.

4. வலிதணிப்பு மருத்துவம். மார்பின் கொடுத்து வலியையும் மூச்சுத்திணறலையும் அடக்குவது இது, கருணைக்கொலை அல்ல. மார்பின் கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம் ஊர்களில் இன்னும் பரவலாக இருக்கிறது. வலியின் அளவைப் பார்த்துப் படிப்படியாக உயர்த்தித் தரப்படும் மார்பின் உயிரைப் பறிப்பதில்லை. உறக்கத்தையும் பேச்சையும் திருப்பித் தருகிறது.

மூளைச்சாவு இந்தப் பட்டியலிலேயே சேராது. மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்டவர் மருத்துவ அறிவியலின்படி இறந்தவர். கருணைக்கொலை பற்றிய கேள்வி உயிருடன் இருப்பவரைப் பற்றியது.

சட்டம் நடந்து வந்த வழி

இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்தது. 1994-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, வாழும் உரிமைக்குள் வாழாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்று கூறி அப்பிரிவை ரத்து செய்தது. இரண்டே ஆண்டுகளில், 1996-இல், கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை மாற்றியது. அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமை சாகும் உரிமையை உள்ளடக்காது என்பது அந்தத் தீர்ப்பின் முடிவு. ஆனால் அதே தீர்ப்பு, கண்ணியத்துடன் வாழும் உரிமை என்பது இயற்கையான முடிவு வரை நீள்வது, ஆகவே மரணம் உறுதியாகி நெருங்கிவிட்ட நிலையில் கண்ணியமாக இறப்பதையும் அது தழுவக்கூடும் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. பின்னர் வந்த தீர்ப்புகள் எல்லாம் அந்தக் கதவு வழியாக நுழைந்தவைதாம்.

ஆனால் கதவு திறந்த பிறகும் உயர் நீதிமன்றங்கள் இறுக்கமாகவே இருந்தன. நிறைவாக வாழ்ந்துவிட்டேன், நோயும் இல்லை, விருப்பத்துடன் விடைபெற அனுமதியுங்கள் என்று கேட்ட ஓய்வுபெற்ற முதிய ஆசிரியர் ஒருவரின் மனுவை 2000-இல் கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தன் உயிரைத் தானே முடித்துக்கொள்வது எந்தக் காரணத்துக்காக ஆனாலும் தற்கொலைதான் என்றது. 2004-இல் தசைச்சிதைவு நோயின் இறுதிக் கட்டத்தில் இருந்த ஓர் இளைஞர், தம் உறுப்புகள் பிறருக்குப் பயன்படும் நிலையில் இருக்கும்போதே உயிர்காப்புக் கருவியை நீக்க வேண்டும் என்று கேட்டபோது, ஆந்திர உயர் நீதிமன்றமும் மறுத்தது.

திருப்பம் அருணா ஷான்பாக் வழக்கில் வந்தது. மும்பை கேஇஎம் மருத்துவமனையின் செவிலியரான அவர், 1973 நவம்பரில் அதே மருத்துவமனையில் பணியாளர் ஒருவரால் தாக்கப்பட்டார். கழுத்து நெரிக்கப்பட்டு மூளைக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டதால் நினைவு திரும்பாத நிலைக்குப் போனார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அம்மருத்துவமனையின் செவிலியர்கள், ஒரு தலைமுறை ஓய்வுபெற்று அடுத்த தலைமுறை வந்த பிறகும், அவரைக் குளிப்பாட்டி, மசித்த உணவு ஊட்டி, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உணவளிப்பதை நிறுத்த உத்தரவிடுமாறு பத்திரிகையாளர் பிங்கி விரானி வழக்குத் தொடுத்தார். அந்தக் கோரிக்கையை 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. ஆயினும் அதே தீர்ப்பில், உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலுடன் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற விதியை முதன்முறையாக வகுத்தது. அருணாவின் சார்பில் பேசும் உரிமை வழக்கைத் தொடுத்தவருக்கு அல்ல, பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றும் சொன்னது. அவர் 2015 மே மாதம் நிமோனியாவால் இறந்தார்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே அகற்றுவதற்கு வென்டிலேட்டர் இல்லை. அவர் தாமாகவே மூச்சுவிட்டார். நிறுத்த முடிந்தது உணவை மட்டும்தான். வீடுகளில் மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி செலுத்தப்படும் பக்கவாத நோயாளிகளைப் பராமரிக்கும் நம் குடும்பங்களுக்கு, கருவியை நிறுத்துவதும் உணவை நிறுத்துவதும் ஒன்றல்ல என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தத்துவ விவாதத்தில் இவ்விரண்டும் எளிதாக ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. சோறு ஊட்டும் கை அவற்றை ஒன்றாகக் காண்பதில்லை.

2018 மார்ச் 9 அன்று, 'காமன் காஸ்' என்ற அமைப்பு 2005-இல் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறக்கும் உரிமை 21-ஆம் பிரிவின் பகுதி என்று தெளிவாகவே அறிவித்தது. ஒருவர் தாம் நினைவிழக்கும் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் 'வாழ்நாள் உயில்' அப்போதுதான் செல்லுபடியாகும் ஆவணமாயிற்று. ஆனால் நீதிமன்றம் வகுத்த நடைமுறை மிகக் கடினமாக இருந்தது. உயிலில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மேலொப்பமிட வேண்டும். மாவட்ட ஆட்சியர் இரண்டாம் மருத்துவக் குழுவை அமைக்க வேண்டும். மருத்துவர்களுக்கு இருபது ஆண்டு அனுபவம் வேண்டும். நடுவர் நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து, மருத்துவர்களின் அமைப்பு ஒன்று இதைச் சுட்டிக்காட்டிய பின், 2023 ஜனவரி 24 அன்று நடைமுறை எளிதாக்கப்பட்டது.

இதற்கிடையில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பழைய 309-ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைப் பணியச் செய்யும் நோக்கில் தற்கொலைக்கு முயல்வது மட்டுமே குற்றம். தண்டனை நீங்கிவிட்டது என்பதாலேயே அது உரிமை ஆகிவிடவில்லை. துணைபோவது இன்றும் குற்றம்தான்.

இன்றைய நடைமுறை

நினைவுடன் தெளிவாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த நோயாளி, எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று மறுக்கலாம். அதற்கு எந்தக் குழுவும் தேவையில்லை. கீழே சொல்லப்படுவது முடிவெடுக்கும் நிலையில் இல்லாத நோயாளிகளைப் பற்றியது.

1. வாழ்நாள் உயிலை வயதுவந்த, மனத்தெளிவுள்ள எவரும் எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பது ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும். தம் சார்பில் முடிவைச் சொல்ல வேண்டிய பாதுகாவலர் அல்லது நெருங்கிய உறவினரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களும் இருக்கலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவுபெற்ற அலுவலரிடமோ சான்றொப்பம் பெற வேண்டும். உயிலுக்கு நடுவரின் மேலொப்பம் இப்போது தேவையில்லை.

2. ஒரு பிரதி ஊராட்சி அல்லது நகராட்சிக்குச் செல்ல வேண்டும்; அதைப் பாதுகாக்க அங்கே ஓர் அலுவலர் நியமிக்கப்பட வேண்டும். குடும்ப மருத்துவர் இருந்தால் அவருக்கும் ஒன்று தர வேண்டும். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் அதை ரத்து செய்யலாம்.

3. மீள வழியில்லாத நோயில் நோயாளி நினைவிழந்தால், மருத்துவமனை முதல் மருத்துவக் குழுவை அமைக்கும். சிகிச்சை தரும் மருத்துவரும், அத்துறையில் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் கொண்ட இரு நிபுணர்களும் அதில் இருப்பார்கள். இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துத் தெரிவிக்க வேண்டும்.

4. அவர்கள் ஒப்பினால் இரண்டாம் குழு பார்க்கும். இதில் முதல் குழுவில் இல்லாத இரு நிபுணர்களுடன், மாவட்டத்தின் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இருப்பார். இதற்கும் இயன்றவரை 48 மணி நேரம்தான்.

5. பாதுகாவலரின் ஒப்புதலுடன், சிகிச்சையை நிறுத்துவதற்கு முன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

உயில் எழுதாதவருக்கும் இதே வழி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவருக்காக நெருங்கிய உறவினர்கள் எழுத்து மூலம் சம்மதம் தருவார்கள். இரு குழுக்களும் அதேபோல் பார்க்கும்.

காகிதத்துக்கு வெளியே நடப்பது

இவ்வளவு வழிமுறைகள் இருந்தும், நம் பகுதியில் பெரும்பாலான முடிவுகள் வேறு விதமாகவே எடுக்கப்படுகின்றன. இரவில் ஐசியூ மருத்துவர் குடும்பத்தாரைச் சிறிய அறைக்கு அழைத்து, "இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்லைங்க, பாத்துக்குங்க" என்கிறார். அன்றைய பில் எவ்வளவு என்பது அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்வதில்லை. மூத்த மகன், மருத்துவ ஆலோசனைக்கு மாறாக நோயாளியை அழைத்துச் செல்வதாக அச்சிட்ட தாளில் கையெழுத்திடுகிறார். ஆம்புலன்ஸ் வேலந்தாவளம் சாலையில் போகும்போது உதவியாளர் கையால் அமுக்கி மூச்சு செலுத்தும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வருகிறார். வீட்டு வாசலில், உறவினர்கள் வாயில் பால் ஊற்றக் காத்திருக்கையில், குழாய் எடுக்கப்படுகிறது.

இது நடைமுறையில் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதேதான். ஆனால் மருத்துவக் குழு இல்லை, நோயாளியின் விருப்பம் பதிவாகவில்லை, குழாயை எடுத்த பிறகு வரும் மூச்சுத்திணறலுக்கு மருந்து கொடுக்க யாரும் இல்லை. காகிதத்தில் குடும்பம் தன் விருப்பப்படி சிகிச்சையை மறுத்ததாகவும், மருத்துவமனை கடைசிவரை போராடியதாகவும் இருக்கும். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. மருத்துவர் வழக்குக்கு அஞ்சுகிறார். குடும்பம் கடனுக்கு அஞ்சுகிறது. ஆனால் சட்டம் அனுமதித்த ஒன்றைச் சட்டத்துக்கு வெளியே செய்ய இருவரும் தள்ளப்படும்போது, இழப்பு முழுவதும் பேச முடியாதவருடையதாகிறது. தன்விருப்பக் கருணைக்கொலையைச் சட்டமாக்கலாமா என்ற கேள்வியை இந்த வாசலில் நின்றுதான் எடைபோட வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஆதரிப்போரின் வாதம்

நேரடிக் கருணைக்கொலையைச் சட்டமாக்கக் கோருவோரின் முதல் வாதம் தன்னுரிமை. திருமணம், சொத்து, சிகிச்சை என எல்லாவற்றிலும் தன் முடிவைத் தானே எடுக்கும் மனிதருக்கு, முடிவு தெரிந்த நோயில் தன் கடைசி நாட்களை மட்டும் ஏன் பிறர் தீர்மானிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இரண்டாவது வாதம் இதைவிடக் கூர்மையானது. வென்டிலேட்டரை நிறுத்துவதும் ஊசி போடுவதும் ஒரே நோக்கம் கொண்டவை, ஒரே விளைவைத் தருபவை; ஒன்று செயல், மற்றது செயலின்மை என்று பிரிப்பது மருத்துவரின் மன ஆறுதலுக்கே அன்றி நோயாளிக்கு அதனால் என்ன பயன்? கருவியைச் சார்ந்திருப்பவர் விடுதலை பெறலாம். கருவி தேவைப்படாமல், வாய்ப்புற்றுநோயால் முகம் அழிந்து, மாதக்கணக்கில் துடிப்பவருக்கு வழியில்லை. இந்த வாதத்துக்கு எளிய பதில் கிடையாது. நோய் கொல்கிறதா, நாம் கொல்கிறோமா என்ற வேறுபாடு உண்மையானது என்றே நான் கருதுகிறேன்; ஆனால் துடிப்பவரின் படுக்கையருகே அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

பிற நாடுகள் இதைச் செய்துகாட்டியிருக்கின்றன என்பது மூன்றாவது வாதம். நெதர்லாந்து சட்டம் 2002 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தாங்க முடியாத, மீள வழியற்ற துன்பம், மீண்டும் மீண்டும் கேட்ட விருப்பம், இரண்டாவது மருத்துவரின் கருத்து, பின்னர் ஆய்வுக் குழுவின் சோதனை என்று அது நிபந்தனை வைக்கிறது. பெல்ஜியம் அதே ஆண்டில் பின்தொடர்ந்தது. சுவிட்சர்லாந்தில் சுயநல நோக்கமின்றி ஒருவருக்குத் துணைசெய்வது நெடுங்காலமாகவே குற்றமில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல், ஆறு மாதத்துக்குள் இறப்பு எதிர்பார்க்கப்படும் நோயாளிக்கு மட்டும் மருத்துவர் மருந்து எழுதித் தரலாம். கால் நூற்றாண்டு கடந்தும் அந்த ஆறு மாத எல்லை விரிவடையவில்லை.

தமிழ் மரபும் தானாகத் தேர்ந்த மரணத்தை முற்றாக இழித்ததில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததையும் (வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டதையும்), பிசிராந்தையார் அவனருகே வந்து அமர்ந்ததையும் புறநானூறு மதிப்புடனே பேசுகிறது. உண்ணாமல் உயிர்துறக்கும் சமணரின் சல்லேகனை நோன்பைக் குற்றம் என்று 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அறிவித்தபோது, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

எதிர்ப்போரின் வாதம்

வடக்கிருந்தவன் அரசன். அவனிடம் வேறு எல்லாம் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு அவன் தேர்ந்தெடுத்தான். இதே தமிழ் நிலத்தில் விருதுநகர் போன்ற தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பழக்கமும் இருந்திருக்கிறது: படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக வைத்து, இளநீர் கொடுத்து, உடல் குளிர்ந்து இறக்கச் செய்வது. அதற்கும் கருணை என்றே பெயர் சொல்லப்பட்டது. சிலர் தாங்களே கேட்டார்கள் என்றும் சொல்லப்பட்டது. மகன் கூலிக்குப் போனால்தான் சோறு என்ற வீட்டில், பீயும் மூத்திரமும் அள்ளும் மருமகளின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் கிழவி "என்னையப் போக விடுங்க" என்று கேட்டால், அதைத் தன்விருப்பம் என்று எந்தக் குழு சான்றளிக்கும்? சட்டமாக்கலை எதிர்ப்போரின் மிக வலுவான வாதம் இதுவே. கட்டாயப்படுத்த யாரும் தேவையில்லை. தான் பாரம் என்ற உணர்வே போதும்.

கனடாவின் அனுபவத்தையும் அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே 2016-இல் மரணம் நெருங்கியவர்களுக்கு மட்டும் எனத் தொடங்கிய சட்டம், 2021-இல் அந்த நிபந்தனையைக் கைவிட்டு நாட்பட்ட நோயும் ஊனமும் உடையவர்களுக்கும் விரிவடைந்தது. 2023-இல் அந்நாட்டு மரணங்களில் சுமார் 4.7 விழுக்காடு இவ்வழியில் நிகழ்ந்தன. மனநோயை மட்டுமே காரணமாகக் காட்டுவோருக்கு அனுமதிப்பது 2027 மார்ச் வரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் பலர் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள்: வீட்டு உதவியும் சக்கர நாற்காலிப் பாதையும் கேட்டால் காத்திருக்கச் சொல்லும் அரசு, சாவுக்கு மட்டும் வழியை விரைந்து திறக்கிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஆக, ஓரிகனைப் போல எல்லையில் நின்ற சட்டமும் உண்டு, கனடாவைப் போல நகர்ந்த சட்டமும் உண்டு. சரிவு தவிர்க்க முடியாதது என்பதும் தவறு, சரிவே இல்லை என்பதும் தவறு. அது அந்தந்த நாட்டின் நீதிமன்றங்களையும் பராமரிப்பு வசதியையும் பொறுத்தது.

மருத்துவர் தரப்பிலிருந்து வரும் எதிர்ப்பும் சிறியதல்ல. காப்பாற்றத்தான் வருகிறார் என்ற நம்பிக்கையில் நோயாளி தன் உடலைத் திறந்து காட்டும் உறவு அது. அந்தக் கையே முடித்தும் வைக்கலாம் என்றால், ஏழை நோயாளி எந்தச் சந்தேகத்துடன் வார்டுக்குள் நுழைவார் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

வலிதணிப்பு இல்லாமல் விருப்பம் இல்லை

இந்த இடத்தில் எல்லையோர வாசகருக்குக் கேரளம் கற்றுத்தருவது நிறைய இருக்கிறது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.இராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் முன்னின்று தொடங்கிய வலிதணிப்புப் பணி, பின்னர் ஊர்மக்களே தொண்டர்களாகப் பங்கேற்கும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. ஊராட்சிகள் வீடுதேடிச் செல்லும் செவிலியர்களை அமர்த்தின. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வலிதணிப்பை வீட்டுக்குக் கொண்டுவருகிறது.

அந்தச் செவிலியரின் வருகை எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தால்தான் விவாதத்தின் எடை புரியும். ஊர்க்காரர்கள் 'பாலியேட்டிவ் சிஸ்டர்' என்று அழைக்கும் அவர் ஆஷா பணியாளருடன் வருகிறார். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுப் புண்ணைக் கழுவுகிறார். சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார். பிறகு மார்பின் மாத்திரை உறையை எடுத்து எத்தனை மிச்சம் என்று எண்ணுகிறார். மாத்திரை குறையாமல் இருந்தால், "அம்மா, வலி வந்த பெறகு குடுக்கக் கூடாது, நாலு மணிக்கூறுக்கு ஒருக்கா வலி வர்றதுக்கு முந்தியே குடுத்திரணும்" என்று மகளிடம் மீண்டும் சொல்கிறார். மலச்சிக்கலுக்கான மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறீர்களா என்று கேட்கிறார். அந்த மாத்திரை விலை குறைந்தது. ஆனால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாடுகளால் மருத்துவமனைகள் அதை வைத்திருக்கவே தயங்கின. பல உரிமங்கள் தேவைப்பட்டன. 2014-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்திய பிறகே வழி எளிதாயிற்று. இன்னும் நாட்டின் பெரும்பகுதியில் வலியால் துடிப்பவருக்கு மார்பின் கிடைப்பதில்லை.

இந்த நிலையில் ஒருவர் சாவைக் கேட்கிறார் என்றால், அவர் கேட்பது சாவையா, வலியின் முடிவையா என்பதை அறிய வழியே இல்லை. வலியை அடக்கிப் பார்த்த பிறகும், பராமரிக்க ஆள் இருக்கும் வீட்டிலும், கடன் நெருக்காத நிலையிலும் அவர் அதே கோரிக்கையில் நின்றால்தான் அதை விருப்பம் என்று அழைக்க முடியும்.

வலிதணிப்பு வந்துவிட்டால் விவாதமே முடிந்துவிடும் என்று வாதிடுவோரும் உண்டு. அதையும் ஏற்க இயலாது. ஓரிகனில் மருந்து கேட்டவர்கள் கூறும் காரணங்களில் வலி முதலிடத்தில் இல்லை. தன் செயல்களில் கட்டுப்பாடு இழப்பது, விரும்பியவற்றைச் செய்ய முடியாமல் போவது, கண்ணியம் இழப்பது ஆகியவையே ஆண்டுதோறும் முன்னால் நிற்கின்றன. மாத்திரையால் தீராத துன்பம் இது. ஆகவே நேரடிக் கருணைக்கொலையைப் பற்றிய கேள்வியை என்றென்றைக்கும் மூடிவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வலிதணிப்பு ஒவ்வொரு ஊராட்சிக்கும் எட்டாத நாட்டில், ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட சிகிச்சை நிறுத்தமே ஆம்புலன்ஸில் ஒளித்துச் செய்யப்படும் நாட்டில், அந்தக் கதவை இப்போது திறப்பது முதலில் ஏழைகளையும் முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும்தான் உள்ளே இழுக்கும் என்பதே என் கவலை. வரிசை முக்கியம்: முதலில் வலிதணிப்பு, அடுத்து சிகிச்சையை மறுக்கும் உரிமை நடைமுறையில் கைக்கு எட்டுவது, அதன் பிறகே நேரடிக் கருணைக்கொலை பற்றிய கேள்வி.

எல்லையைத் தாண்டும்போது

உச்ச நீதிமன்றத்தின் நெறிமுறைகள் நாடு முழுவதற்கும் பொருந்துபவை. நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றும் வரை அவையே சட்டம். எனவே பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் நோட்டரி முன் எழுதிய வாழ்நாள் உயில் கோயம்புத்தூரிலும் செல்லும். ஆனால் அதைச் செயல்படுத்துபவர்கள் மாறிவிடுகிறார்கள். உயிலின் பிரதி இருப்பது கொழிஞ்சாம்பாறை ஊராட்சி அலுவலகத்தில். அதன் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க வேண்டியது கோவை மருத்துவமனை. இரண்டாம் குழுவுக்கு மருத்துவரை நியமிப்பவர் கோவை மாவட்டத்து அலுவலர். தகவல் பெறும் நடுவரும் அங்குள்ளவர். தகராறு வந்தால் போக வேண்டியது எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றம் அல்ல, சென்னை உயர் நீதிமன்றம். நோயாளி பாலக்காட்டிலேயே சேர்க்கப்பட்டிருந்தால் இவை அனைத்தும் தலைகீழாகும்.

'மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர்' என்ற பெயரில் எல்லா மாநிலங்களிலும் பதவி இல்லை. கேரளத்தில் மாவட்ட மருத்துவ அலுவலர் இருக்கிறார். தமிழ்நாட்டில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் இருக்கிறார். நியமனம் செய்ய வேண்டியவர் யார் என்பதை மாநில அரசு முன்கூட்டியே ஆணையிட்டு அறிவிக்காவிட்டால், 48 மணி நேரம் என்பது ஏட்டளவில் நின்றுவிடும். கர்நாடக அரசு 2025 ஜனவரி இறுதியில் இதற்கான சுற்றறிக்கையை வெளியிட்டது. கேரளத்தில் கொல்லம் அரசு மருத்துவக் கல்லூரியில் வாழ்நாள் உயில் பற்றி விளக்கும் தகவல் மையம் 2024-இல் திறக்கப்பட்டது. பாலக்காட்டுக்கும் கோவைக்கும் இடையே தினமும் நோயாளிகள் போய்வரும் இந்த வழித்தடத்துக்கு, இரு மாவட்ட நிர்வாகங்களும் தத்தம் மருத்துவர் பட்டியலை ஆயத்தமாக வைத்திருப்பது பெரிய செலவில்லாத காரியம்.

எழுத விரும்பும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை சில. உயிலை இந்த மொழியில்தான் எழுத வேண்டும் என்று நெறிமுறை வரையறுக்கவில்லை, தமிழில் எழுதலாம். ஆனால் பாதுகாக்கும் ஊராட்சி அலுவலரும் படிக்கும் மருத்துவரும் வேறு வேறு மொழிக்காரர்களாக இருக்கக்கூடும் என்பதால், மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பிரதி ஒன்றைச் சேர்த்தே சான்றொப்பம் பெறுவது நல்லது. "கருவி எதுவும் வேண்டாம்" என்று பொதுவாக எழுதுவது போதாது. குணமாக வாய்ப்புள்ள நிமோனியாவுக்குச் சில நாட்கள் வென்டிலேட்டர் வைப்பதும், உடலெங்கும் பரவிய புற்றுநோயில் வைப்பதும் வேறு வேறு. எந்த நிலையில் வேண்டாம் என்பதைப் பிரித்து எழுத வேண்டும். வலிதணிப்பு மருந்துகள் கடைசிவரை வேண்டும் என்பதைத் தனி வரியாகச் சேர்க்க வேண்டும். பாதுகாவலராகக் குறிப்பிடப்படும் இருவரில் ஒருவராவது கோவைக்கு உடனே வந்து சேரக்கூடியவராக இருக்கட்டும். துபாயில் இருக்கும் மகன் பெயரை மட்டும் எழுதிவைத்தால், மருத்துவக் குழு நோயாளியைப் பார்வையிடும் நேரத்தில் சம்மதம் தரவும் உயிலின் பிரதியைக் காட்டவும் அருகில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.